மார்த்தாண்டம் முதல் அருவிப்புறம் வரை: ஒரு நாள் வேன் பயணச் சேவை குறித்து

மார்த்தாண்டத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் வேன் ஓட்டுநர் ஒருவரும் சேர்ந்து நடத்திவரும் ஒரு நாள் பயணச் சேவையில் சென்ற மாதம் குடும்பத்துடன் போய் வந்தேன். பழைய திருவிதாங்கூரில் கோயிலுக்குள் நுழையவும், மேலாடை உடுத்தவும், பொதுவழியில் நடக்கவும் உரிமை கேட்டுப் போராடியவர்களின் தடங்களைக் காட்டுவதே இப்பயணத்தின் நோக்கம். காலை 6.30 மணிக்குப் புறப்பட்டு சுசீந்திரம், சாமித்தோப்பு ஆகிய இடங்களைப் பார்த்து, நாகர்கோவிலில் மதிய உணவை முடித்து, மாலையில் களியக்காவிளையைக் கடந்து நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள அருவிப்புறத்தில் நிறைவு செய்கிறார்கள். உணவு உட்பட ஆளுக்கு 1,350 ரூபாய் கட்டணம். நாங்கள் நான்கு பேர்: நான், என் கணவர், 74 வயதான மாமியார், கல்லூரியில் படிக்கும் மகள்.

நாங்கள் ஏன் இப்பயணத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைச் சொல்லாமல் இதை மதிப்பிடுவது முறையாகாது. மாதவிலக்கு நாட்களில் விளக்கேற்றக் கூடாது, பூசை அறைப் பக்கம் போகக் கூடாது என்று எங்கள் வீட்டில் தலைமுறைகளாக இருந்துவரும் வழக்கத்தை இனி ஏற்கப் போவதில்லை என்று என் மகள் சொல்லிவிட்டாள். மண்டைக்காட்டு மாசிக் கொடைக்கு ஒரு வருடமும் தவறாமல் போய்வரும் என் மாமியாருக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இருவருமே எனக்கு வேண்டியவர்கள். இருவருக்கும் நடுவில் பல மாதங்களாக நின்று களைத்துப்போயிருந்தேன். போற்றி வந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்பது நல்லதா என்பது எனக்குப் பட்டிமன்றத் தலைப்பு அல்ல, அன்றாடம் அந்தி நேரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் எழுகிற கேள்வி. அதற்கு இந்த மண்ணில் ஏதாவது விடை கிடைக்குமா என்று தேடித்தான் நாங்கள் வேனில் ஏறினோம்.

வாகனத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 12 பேர் அமரும் வேன். சுத்தமாக இருந்தது, பின்வரிசையில் குளிர்காற்று சரியாக எட்டவில்லை. ஓட்டுநர் நிதானமானவர். முழங்கால் வலி உள்ளவர்களுக்காக ஒவ்வோர் இடத்திலும் வேனை வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தினார், என் மாமியார் ஏறி இறங்கச் சிறு மரப்பலகை ஒன்றும் வைத்திருந்தார். பத்மநாபபுரம் அரண்மனையைப் பயணத்தில் சேர்க்காததற்கு அங்குள்ள செங்குத்தான மரப்படிகளைக் காரணமாகச் சொன்னார்கள். வயதானவர்களோடு செல்வோர் அதை ஒப்புக்கொள்வார்கள்.

ஆசிரியரின் பேச்சுத்தான் இச்சேவையின் உயிர். தக்கலையைக் கடக்கும்போது அவர் நவராத்திரி ஊர்வலத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பத்மநாபபுரத்துத் தேவாரக்கட்டு சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் அரசரின் உடைவாளுடன் திருவனந்தபுரம் புறப்படுவதையும், 1956 நவம்பர் 1இல் இந்த மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகும் அந்த வழக்கம் அறுபடாமல், களியக்காவிளையில் கேரளக் காவல் துறையினர் மரியாதை செலுத்தி வரவேற்பதையும் அவர் விவரித்தபோது என் மாமியார் கண்ணை மூடிக் கைகூப்பினார். மரபைக் கேள்வி கேட்டவர்களின் கதையைச் சொல்லப் போகிறவர் முதலில் ஒரு மரபின் அழகைச் சொல்லித் தொடங்கியது எனக்குப் பிடித்திருந்தது.

அதே பேச்சுத் திறன் தோள்சீலைப் போராட்டத்தைச் சொன்னபோதும் வெளிப்பட்டது. நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்துவதை ஆசாரக் கேடு என்று கருதிய காலம் அது. 1813 முதல் அனுமதியும் தடையும் மாறி மாறி வந்தன. 1859 ஜூலை 26இல் உத்தரம் திருநாள் மார்த்தாண்ட வர்மர் பிறப்பித்த அறிவிப்பும் முழு உரிமையைத் தந்துவிடவில்லை. குப்பாயம் என்னும் ரவிக்கை அணியலாம், மீனவரான முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத் துணி கட்டலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருந்தது. உரிமையைக் கொடுக்கும் கையே அதன் ஓரத்தை வெட்டிக்கொண்டு கொடுத்ததை என் மகள் குறித்துக்கொண்டாள். ஆனால் இவ்விடத்தில் ஆசிரியர், முலைவரியை எதிர்த்துத் தன் மார்பையே அறுத்துக்கொண்டதாகச் சொல்லப்படும் சேர்த்தலை நங்கேலியின் கதையையும் அதே மூச்சில், அரசாணையைச் சொன்ன அதே குரலில் சொன்னார். அது மக்கள் நாவில் வாழும் கதை. அதன் வலி உண்மை. ஆயினும் தேதியும் அறிவிப்பும் உள்ள நிகழ்ச்சியை ஒரு வகையாகவும், வாய்மொழியாக வந்ததை வேறு வகையாகவும் பிரித்துச் சொல்ல வேண்டும். பிறர் நம்பிக்கைக்குச் சான்று கேட்கிறவர் தம் பக்கத்துக் கதைக்கும் அதே உரைகல்லைப் பயன்படுத்தாவிட்டால், எதிரில் இருப்பவர் அதை முதலில் கவனித்துவிடுவார். என் மாமியார் கவனித்தார்.

சுசீந்திரத்தில்தான் எனக்குப் பெரிய வருத்தம் ஏற்பட்டது. 1926இல் அக்கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாச் சாதியாரும் நடக்க வேண்டும் என்று டாக்டர் எம்பெருமாள் நாயுடு முதலியோர் சத்தியாகிரகம் நடத்தியதை அதே தெருவில் நிறுத்திச் சொன்னார். 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் அரசர் சித்திரைத் திருநாள், எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயில்களைத் திறந்துவிடும் ஆலயப் பிரவேச விளம்பரம் வெளியிட்டதையும், அதனால் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 1939 ஜூலை 8இல் நிகழ்ந்த நுழைவுக்கு முன்பே இங்குள்ளவர்கள் உள்ளே போய்விட்டதையும் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. உள்ளே, நெடிதுயர்ந்த ஆஞ்சநேயரின் முன் வெண்ணெய்யோடு நின்றிருந்த கூட்டத்தைப் பார்த்து, கல்லில் வெண்ணெய் பூசினால் கடன் தீர்ந்துவிடுமா என்று எங்களிடம் கேட்டுச் சிரித்தார். அவ்வரிசையில் நின்ற பெண் ஒருத்தியின் காதில் அது விழுந்தது. அவள் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

என் மாமியார் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. வேனுக்கு வந்து உட்கார்ந்த பிறகு, "சாரே, அந்தக் காலத்துல அடி வாங்குனவங்க சாமி இல்லன்னு சொல்லவா அடி வாங்குனாவ? எங்களையும் கும்பிட விடுங்கன்னு கேட்டுதான வாங்குனாவ?" என்று கேட்டார். ஆசிரியர் பதில் சொல்லாமல் அடுத்த இடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

அவர் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லத்தக்க நல்ல பதில் அவரிடமே இருந்தது. ஏனென்றால் அன்று காலையில் அவரே வைக்கம் போராட்டத்தைப் பற்றிப் பேசியிருந்தார். 1924 மார்ச் 30இல் தொடங்கி 1925 நவம்பர் 23 வரை நீண்ட அந்தப் போராட்டத்தில், கேரளத் தலைவர்கள் கைதான பிறகு பெரியார் சென்று முன்னின்று நடத்தி இருமுறை சிறை சென்றார். நாகம்மையாரும் அதில் பங்கேற்றார். பின்னாளில் கடவுள் மறுப்பையே வாழ்நாள் பணியாக்கிக்கொண்ட ஒருவர், தமக்கு எந்தத் தடையும் இல்லாத ஒரு கோயில் தெருவில் பிறர் நடப்பதற்காகச் சிறையில் கிடந்தார். என் மாமியார் கேட்டதில் உண்மை இருந்தது, ஆனால் பாதி உண்மை. கும்பிட விரும்பியவரும் இங்கே மரபை எதிர்த்தார், கும்பிட விரும்பாதவரும் எதிர்த்தார். இருவரும் கேட்டது மரபின் பாரத்தைத் தோளில் சுமந்தவரின் சார்பில். வெண்ணெய் பூசிக்கொண்டிருந்த பெண்ணால் யாருடைய வழியும் அடைபடவில்லை. அவளுக்கு இருந்தது கடனோ, பிள்ளையின் நோயோ, என்னவோ. அவளைப் பார்த்துச் சிரித்ததில் யாருக்கும் ஒரு வாசலும் திறக்கவில்லை. 1982இல் மண்டைக்காட்டில் மூண்ட இந்து, கிறித்தவர் கலவரத்தை அறிந்த எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு, மதத்தைப் பற்றிய ஒரு சிரிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சுசீந்திரத்தில் அவர் சொல்லாமல் விட்ட ஒன்றும் உண்டு. என் கணக்கில் இப்பயணத்தின் மிகப் பெரிய குறை அதுதான். தவறிழைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகளைக் கொதிக்கும் நெய்யில் கையை விடச் செய்து, கட்டுப் போட்டு, பிறகு கட்டை அவிழ்த்துப் பார்த்துக் குற்றம் உண்டா இல்லையா என்று முடிவு செய்யும் 'கைமுக்கு' என்னும் வழக்கம் அக்கோயிலில் இருந்தது. வெந்த கை குற்றவாளியின் கை. வேகாத கை நிரபராதியின் கை. சாட்சாத் தாணுமாலயனே தீர்ப்புச் சொல்வதாக மக்கள் மனதார நம்பினார்கள். அவர்களில் கொடியவர் சிலரே இருந்திருப்பர். 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாளின் காலத்தில் அது ஒழிக்கப்பட்டது. அகலிகையால் வந்த பழி தீர இந்திரன் இங்கே நெய்யில் மூழ்கித் தூய்மை பெற்றான், அதனாலேயே ஊருக்குச் சுசீந்திரம் என்று பெயர் வந்தது என்னும் தலபுராணத்தை என் மாமியார் இன்றும் அதே பக்தியோடு பேத்திக்குச் சொல்கிறார். நெய்ச் சட்டி போய்விட்டது. புராணம் இருக்கிறது, சாமி இருக்கிறார், மார்கழித் தேரோட்டத்துக்குக் கூட்டம் குறையவில்லை. ஒரு வழக்கத்தை நிறுத்தினால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று அஞ்சுகிறவர்களின் முன் வைக்கத்தக்க உதாரணம் இதைவிட வேறில்லை. அதை அந்தச் சன்னதியிலேயே நின்று சொல்லும் வாய்ப்பை ஆசிரியர் நழுவவிட்டார். அன்றிரவு வீட்டில் நான்தான் சொன்னேன்.

சாமித்தோப்பில் மாறாக, அவர் பேசியது அனைத்தும் அருமை. 1809இல் பிறந்து 1851இல் மறைந்த அய்யா வைகுண்டர், பூசாரியும் விக்கிரகமும் இல்லாத வழிபாட்டை அங்கே நிறுவினார். பதி எனப்படும் அந்த வழிபாட்டிடத்தின் பள்ளியறையில் இருப்பது ஒரு கண்ணாடி. விளக்குகளின் நடுவே அதில் நம் முகம் தெரிகிறது; இறைவன் உன்னுள் இருக்கிறான் என்பது அதன் பொருள். தலையில் துணி கட்டுவது தமக்கு மறுக்கப்பட்ட மக்களிடம், தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் இறைவன் முன் வர வேண்டும் என்றார் அவர். பதிக்குச் சற்று அப்பாலுள்ள முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒரே நீரை இறைத்துக் குளிக்கவும் குடிக்கவும் செய்தார். இவற்றுக்காகத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறையும் இருந்தார். என் கணவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டியபோது, அவருடைய தாத்தாவின் தாத்தா அதைச் செய்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று ஆசிரியர் மெல்லிய குரலில் சொன்னார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. கண்ணாடியின் முன் என் மாமியார் நெடுநேரம் நின்றார். திரும்பியபோது நெற்றியில் திருமண் நாமம் இருந்தது. அங்கிருந்தவர்கள் "அய்யா உண்டு" என்றபோது அவரும் "அய்யா உண்டு" என்றார்.

இந்த நல்ல பொழுதில்தான் என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். சுசீந்திரத்தில் ஆண்கள் சட்டையைக் கழற்றினார்கள், சமத்துவம் பேசிய இந்தப் பதியிலும் கழற்றுகிறார்கள். மேலாடைக்காக இவ்வளவு போராடிய மண்ணில் இது எப்படி என்றாள். அது கேலியாகக் கேட்டது அல்ல. காலை முழுவதும் கேள்வி கேட்டவர்களைப் புகழ்ந்த ஆசிரியர், "அது அப்படித்தான் மோளே, வழக்கத்தைக் கேக்கப்பிடாது" என்று முடித்துவிட்டார். அவள் முகம் வாடியது. வயது முதிர்ந்த பக்தையின் நம்பிக்கையைப் பார்த்துச் சிரித்தவரே, இளம் பெண்ணின் நியாயமான ஐயத்தை அடக்கியும் விட்டார். எவரைக் கேட்கலாம், எவர் கேட்கலாம் என்பதில் அவருக்கே தெளிவில்லை என்று தோன்றியது.

இதற்கும் அவர் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 2024 டிசம்பர் 31இல், நாராயண குரு நிறுவிய வர்க்கலை சிவகிரி மடத்தின் தீர்த்தாடன மாநாட்டில், கோயிலுக்குள் ஆண்கள் மேலாடையைக் களையும் வழக்கத்தை விட வேண்டும் என்று மடத்தின் தலைவர் சச்சிதானந்த சுவாமி பேசினார். பூணூல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே அது ஏற்பட்டது என்பது அவர் கருத்து. அதே மேடையில் அன்றைய கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் அதை ஆதரித்தார். நாயர் சேவைச் சங்கம் கடுமையாக எதிர்த்தது. துறவி ஒருவர் தம் மடத்தின் மேடையிலிருந்தே கேட்ட கேள்வி அது. அதைச் சொல்லியிருந்தால், இப்பயணம் 1936உடன் முடிந்துபோன பழங்கதை அல்ல, எல்லைக்கு அப்பால் இன்றும் நடந்துகொண்டிருக்கும் விவாதம் என்பது என் மகளுக்குப் புரிந்திருக்கும். முன்னோர் செய்த எதிர்ப்பை மட்டும் மாலை போட்டு வணங்குவது எளிது. அந்த எதிர்ப்பிலிருந்து பிறந்த வழக்கத்தையும் ஒருநாள் ஒருவர் கேட்பார் என்பதற்கு இடம் விட வேண்டும்.

மதிய உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாகர்கோவிலில் ஒரு சிறிய சைவ உணவகத்தில் இலை போட்டார்கள். சம்பா அரிசிச் சோறு, பருப்பும் நெய்யும், உள்ளித் தீயல், அவியல், புளிசேரி, கடைசியில் அடைப் பாயசத்தோடு மட்டிப்பழமும் பப்படமும். தீயலில் தேங்காய் சரியான கருக்கத்தில் வறுபட்டிருந்தது. இரண்டாம் முறை கேட்டபோதும் முகம் சுளிக்காமல் பரிமாறினார்கள்.

அருவிப்புறத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி 5.20. களியக்காவிளையிலும் பாறசாலையிலும் நெரிசல் இருந்தது. நிகழ்ச்சி நிரலை அமைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்து, சுசீந்திரத்தில் அரைமணி நேரத்தைக் குறைக்கலாம். நெய்யாற்றின் கரையில், 1888 சிவராத்திரியன்று, ஈழவச் சமூகத்தில் பிறந்த நாராயண குரு ஆற்றின் கயத்திலிருந்து எடுத்த கல்லைச் சிவனாகப் பிரதிஷ்டை செய்த இடம் அது. பிராமணர் அல்லாதவர் எப்படிப் பிரதிஷ்டை செய்யலாம் என்று கேட்டவர்களிடம், தாம் வைத்தது ஈழவச் சிவனை என்று அவர் சொன்னதாக வழங்கி வருகிறது. சாதி பேதமும் மத துவேஷமும் இல்லாமல் எல்லோரும் சகோதரர்களாக வாழும் மாதிரி இடம் இது என்னும் அவருடைய வாசகத்தை ஆசிரியர் மலையாளத்தில் படித்தார். எல்லைக்காரர்களான எங்களுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. இதே குரு, துறவின் தொடக்கக் காலத்தில் எங்கள் பக்கத்து மருத்துவாமலைக் குகையில் தவமிருந்தவர். 1927இல் களவங்கோட்டில் அவர் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார் என்று ஆசிரியர் சொன்னபோது, காலையில் சாமித்தோப்பில் பார்த்த கண்ணாடி எல்லோர் நினைவிலும் எழுந்தது. ஒரே நாளில் இவ்விரு இடங்களையும் காட்டும் வேறு எந்தச் சேவையும் எனக்குத் தெரிந்து இல்லை. இதற்காகவே இப்பயணத்தைப் பரிந்துரைக்கிறேன்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். ஆசிரியருக்கு என் வருத்தங்களை நேரிலேயே, வேனிலிருந்து இறங்கும்முன் சொல்லிவிட்டேன். வெண்ணெய்ப் பேச்சுக்கு அவர் என் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டார். கைமுக்கைச் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார். சட்டையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் மாமியார் மன்னிப்பை ஏற்றுக்கொண்டு, "அடுத்த தடவ மருத்துவாமலைக்கும் கொண்டு போவியளா சாரே?" என்று கேட்டார். அந்த முழங்காலோடு ஏற முடியாது என்று நான் சொல்வதற்குள், தான் கைபிடித்து ஏற்றிவிடுவதாக என் மகள் சொன்னாள். விளக்கைப் பற்றி இருவரும் இன்னும் பேசவில்லை. முன்பதிவு செய்கிறவர்கள் ஓட்டுநருக்குப் பின்னாலுள்ள வரிசையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியரின் குரல் அங்கேதான் தெளிவாகக் கேட்கிறது.